கரண்டு லீவு நாளில் பெண் பார்த்தார்கள்

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் அந்தச் சிமெண்டு மில் வந்த பிறகு, அதை ஒட்டிய காலனியில் நல்ல நாள் பார்க்கப் பஞ்சாங்கமே தேவைப்படவில்லை. கரண்டுப் பஞ்சத்துக் காலம் அது. வாரத்தில் ஒருநாள் கரண்டு லீவு; மில் ஓடாது. மிளகாய் காயவைப்பது, வெள்ளை வேட்டி துவைப்பது, காது குத்துவது எல்லாம் அன்றைக்குத்தான். மற்ற நாளில் சோற்றுப் பானையைத் திறந்தால் போதும், தூசி முந்திக்கொண்டு பந்திக்கு உட்கார்ந்துவிடும்.

பச்சையம்மா தன் மகளைப் பெண் பார்க்கவும் அந்த நாளில்தான் வரச் சொல்லியிருந்தாள். அஞ்சம்மாளுக்குத் தூசி பட்டால் இழுப்பு வரும். திருவாலங்காட்டு மாப்பிள்ளை முனிகிருஷ்ணன் வயல்வேலைக்காரன். அந்த ஊருக்குப் போய்விட்டால் மகள் பிழைத்துக்கொள்வாள். சம்பந்தம் எப்படியாவது முடிய வேண்டுமே என்று பச்சையம்மா வேண்டாத சாமியில்லை.

அஞ்சம்மாள் மூச்சு வாங்காமல் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா கோவிந்தம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவள் கண் வாசலுக்கு வெளியே போய்ப் போய் வந்தது.

"இன்னா அண்ணி, மில்லுல பொகையே காணோம். மூடிட்டாங்களா?"

"இன்னிக்கு கரண்டு லீவும்மா," என்றார் பச்சையம்மாவின் புருஷன் ஆதிகேசவன். அந்த மில்லில்தான் சிமெண்டு மூட்டை பிடிக்கும் வேலை அவருக்கு.

"அப்பாடா. எங்கூர்ல மழையும் இல்ல, வேலையும் இல்லண்ணே. இவன மில்லுல சேத்து வுடுங்க. ரெண்டு பேரும் உங்க கூடவே இருக்கட்டும்."

பச்சையம்மாவுக்குத் தலையில் கல்லைப் போட்டது போலிருந்தது. சரியென்று சொன்னால் கல்யாணம் நடக்கும், மகள் இந்தத் தூசியிலேயே கிடப்பாள். உண்மையைச் சொன்னால் வந்தவர்கள் எழுந்து போவார்கள். போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"ஒளிக்க மாட்டேன் அண்ணி. தூசி பட்டா எம் பொண்ணுக்கு இழுப்பு வரும். அதான் லீவு நாளாப் பாத்து உங்கள வரச் சொன்னேன். உங்க ஊருக்கு இட்டுக்கினு போறதுன்னா கட்டிக்கோங்க. இங்க வாணாம்."

அந்த நேரம் பார்த்து ஆதிகேசவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. துண்டால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை; கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான் விட்டது.

"லீவு நாள்லயுமாண்ணே?" என்றாள் கோவிந்தம்மா.

"அது உள்ள பூந்துக்கினதும்மா. லீவு வுட்டா போய்டுமா?"

கோவிந்தம்மா அவரைப் பார்த்தாள், பிறகு தன் மகனைப் பார்த்தாள்.

"எம் புள்ளயும் இதுல வாணாம். கூழோ கஞ்சியோ, பொண்ண எங்க ஊட்டுக்கே அனுப்பு அண்ணி," என்று சொல்லித் தாம்பூலத்தை எடுத்துக்கொண்டாள்.

பச்சையம்மாவுக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்தவர்களை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஆதிகேசவன் மறுநாள் காலை ஷிப்டுக்குக் காக்கிச் சட்டையை உதறி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார், இருமிக்கொண்டே.

மகளுக்கு ஓர் ஊர் கிடைத்துவிட்டது. இந்த மனுஷனை அவள் எந்த ஊருக்குக் கட்டிக்கொடுப்பாள்?