அளவு ஜாக்கெட்

1

இந்தக் கதை சிதம்பரத்தில் ஒரு துணிக்கடையின் ட்ரையல் ரூமில் பிறந்தது. பிறந்த நேரத்தில் என் கைகள் இரண்டும் மேலே இருந்தன, தலை ஒரு குர்த்திக்குள் இருந்தது. எக்ஸ்எக்ஸ்எல் என்று சீட்டு ஒட்டியிருந்தான் பாவி. தோள்வரை வந்தது. அதற்குமேல் இறங்கவும் இல்லை, திரும்ப ஏறவும் இல்லை. கடைப் பெண்ணைக் கூப்பிட வாயெடுத்தேன், மானம் தடுத்தது. தைத்தவனைத் திட்டிக்கொண்டே முட்டி மோதிக்கொண்டிருந்தேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“அக்கா, உங்களுக்கும் மாட்டிக்கிச்சா?”

ஆமாம் என்றேன். தனக்கும் அதே கதிதான் என்றாள். அரைக் குருடாகத் தடவிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அவளை நான் உருவினேன், என்னை அவள் உருவினாள். பிறகு இருவரும் ஸ்டூலில் உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்து சிரித்தோம். பெயர் சந்திரலேகா, வயது முப்பத்தெட்டு, கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலை. நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்ததும், அப்படியானால் என்னை எழுதுங்கள் என்றாள். கேட்காமலே எழுதுகிறவள் நான். கேட்டால் விடுவேனா?

2

முதல் தொடக்கம்: “சந்திரலேகா கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள்.” அடித்துவிட்டேன். பூசுவதற்கு அவள் என்ன சுவரா?

இரண்டாவது: “உடம்பு கனமாக இருந்தாலும் முகம் நல்ல லட்சணமாக—” இந்த ‘இருந்தாலும்’ என் கையால் வந்தது என்பதில் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்து இதைச் சொன்னவர்களோடு நான் பேச்சையே நிறுத்தியிருக்கிறேன்.

மூன்றாவது: “சந்திரலேகா கண்ணாடி முன் நின்று விசும்பினாள்.” இது எனக்குப் பிடித்திருந்தது. வாட்ஸப்பில் அவளுக்கே அனுப்பினேன். பதில் குரலாக வந்தது.

“நான் எங்கக்கா அழுதேன்? கண்ணாடி முன்னாடி நின்னா எனக்கு நேரம் போறதே தெரியாது. எங்க மாமா வந்து இழுத்துக்கினு போவணும். என் ஒடம்பு எனக்குப் புடிக்கும். துணி தெக்கிறவங்களுக்குத்தான் புடிக்கல.”

(மாமா என்றது கணவரை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான்.)

ஆகவே நான்காவது தொடக்கம், இதுதான் நிற்கிறது: சந்திரலேகா பெரிய உடம்புக்காரி. மார்பு இருக்கிறது, இடுப்பு இருக்கிறது, அவள் நடந்து வந்தால் எதிரே வருகிறவர் ஒதுங்கி வழிவிடுவார்.

3

இனி சிக்கல். சிக்கல் இல்லாமல் கதை எழுதலாம் என்று சில பேர் சொல்கிறார்கள். நான் பழைய ஆள்.

தம்பி ஸ்ரீதருக்கு ஆவணியில் திருவந்திபுரத்தில் கல்யாணம். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டும் நாத்தனார் போடவேண்டும். பெண்ணுக்குப் பின்னால் நின்று, குனிந்து, இரண்டு கைகளையும் முன்னே நீட்டிப் போடவேண்டும். ஆறு வருஷம் முன்பு அண்ணன் அன்பரசு கல்யாணத்தில் சந்திரலேகா அப்படிக் குனிந்தபோது ஜாக்கெட் முதுகில் டர்ரென்று விட்டது. பின்னால் நின்ற பெண்கள் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். ஒரு முடிச்சோடு அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விலகிவிட்டாள். கடைசி முடிச்சைச் சித்தி மகள் ரேகா போட்டாள். வீடியோவில் இன்றைக்கும் அது ரேகாவின் கைதான்.

இந்தத் தடவை அம்மா அமிர்தம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

“முடிச்ச ரேகாவே போட்டுரட்டும். நீ பக்கத்துல வெளக்கு புடிச்சிக்கினு நில்லு. எதுக்கு வம்பு?”

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெற்ற தாய் இப்படிச் சொல்வாளா, வாசகர் நம்புவாரா? பிறகு என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். கறுப்புக் கட்டு, ஒல்லியாத் தெரிவ. பெரிய பூ வேண்டாம். கோடு மேலேயிருந்து கீழே போவணும். ஷாலை ரெண்டு பக்கமும் விடு. அத்தனையும் இருபது வருஷம் செய்தேன். ஒரு நாளும் யாரும் என்னை ஒல்லி என்று ஏமாந்ததில்லை. அமிர்தத்தம்மா சொன்னது அப்படியே நிற்கட்டும். மகள் மறுபடி தலைகுனியக்கூடாது என்ற பயத்தில் சொன்னார்.]

4

கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கவேண்டும். அதற்கு அளவு ஜாக்கெட் வேண்டும்.

இது தெரியாத ஆண்களுக்காக ஒரு வரி: எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் டெய்லர் உடம்பில் டேப் வைப்பதில்லை. இருப்பதிலேயே சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவோம், அதை வைத்துப் புதியதைத் தைப்பார்கள். சந்திரலேகாவின் அளவு ஜாக்கெட் அவள் கல்யாணத்துக்குத் தைத்தது. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. அதற்குப் பிறகு அவள் வளர்ந்தாள், அது வளரவில்லை. ஒவ்வொரு முறையும் அதையே கொடுத்து, இதைவிட ரெண்டு விரக்கடை லூசா வையுங்க என்று சொல்லிவிட்டு வருவாள். வந்த ஜாக்கெட்டில் உள்தையலை ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். பிரிக்கத் தையல் மிஞ்சாதபோது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். பதினைந்து வருஷமாக அவள் துணியெல்லாம், இப்போது கடைக்கே வராத ஒரு பெண்ணுக்காகத் தைக்கப்பட்டிருக்கிறது.

போனில் இதைச் சொல்லும்போது அவளுக்கே திடுக்கென்றது. பிறகு, கிழிஞ்சது என்னாலன்னு இத்தன வருஷமா நெனச்சுக்கினு இருந்தேனேக்கா என்றாள்.

அன்றைக்கே அந்த அளவு ஜாக்கெட்டைக் கெடிலம் ஆற்றில் வீசி எறிந்தாள், அது மெல்ல மெல்ல மிதந்து, மாலை வெயிலில்—

மன்னிக்கவும். இது நான் எழுதியது, அவள் செய்தது இல்லை. நல்ல துணியை யாராவது ஆற்றில் போடுவார்களா என்று கேட்டாள். வண்டி துடைக்க மாமாவிடம் கொடுத்திருக்கிறாள்.

5

சிதம்பரத்தில் பவானியின் தையல் கடைக்கு நானும் கூடப் போனேன். கதைக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

அளவு ஜாக்கெட் எங்கே என்று பவானி கேட்டார். இல்லை, டேப் வையுங்கள் என்றாள் சந்திரலேகா. காத்திருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பவானி டேப்பைச் சுற்றினார். எண்ணைப் பார்த்தார். சாவுச் செய்தி சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார்.

“சத்தமா சொல்லுங்கக்கா. எங்கூடவே இருக்கற நம்பருதான, எனக்குத் தெரியாதா?”

“நாப்பத்து நாலு” என்றார் பவானி, கடை முழுக்கக் கேட்கும்படி. கூரை இடிந்து விழவில்லை. தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்துத்தான் சந்திரலேகா அந்தக் காரியத்தைச் செய்தாள். முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதில் மணப்பெண் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு, குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டினாள். இப்படியே இருக்கிறேன், இப்போது முதுகை அளந்துகொள்ளுங்கள் என்றாள். பவானிக்குச் சம்மதமில்லை. இந்த நிலையில் யாரும் அளவெடுத்ததில்லை, இந்த அளவில் தைத்தால் நேராக நிற்கும்போது முதுகில் கொஞ்சம் தளர்ந்து தெரியும், அப்புறம் என் தையலைத்தான் குறை சொல்வார்கள் என்றார்.

“நிக்கறதுக்கா என்னைய கூப்புடறாங்க? முடிச்சு போடத்தான கூப்புடறாங்க.”

பவானி முனகிக்கொண்டே அளந்தார். அக்குளில் தனியாக ஒரு துண்டு வைத்துக் கை தாராளமாக நீளும்படி தைப்பதாகச் சொன்னார்.

(அந்த எண்ணை அச்சில் போடலாமா என்று சந்திரலேகாவிடம் கேட்டேன். தாராளமாகப் போடுங்கள், ஆனால் உங்களுடையதையும் போடுங்கள் என்றாள். நாற்பத்தாறு. போட்டுவிட்டேன். எனக்கே பெருமையாக இருக்கிறது.)

6

புடவை விஷயம். அம்மா எடுத்து வைத்திருந்தது கருநீலம். சந்திரலேகா எடுத்துக்கொண்டது மாம்பழ மஞ்சள், கைப்பிடி அகலத்துக்கு அரக்கு பார்டர். கல்யாணத்தன்று காலையில் அதைக் கட்டிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். இடுப்பில் மடிப்பு படிந்து நின்றது, ஜாக்கெட் தோளில் சுருக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தது. என்ன சொல்ல, அழகாக இருந்தாள். ‘இருந்தாலும்’ எதுவும் இல்லை.

அமிர்தத்தம்மா மேலும் கீழும் பார்த்தார். மகளின் தோளில் முந்தானைப் பின்னைச் சரிசெய்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ரேகா, வெளக்க நீ புடிச்சுக்கம்மா.”

7

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: ஜாக்கெட் அப்படியே நிற்கிறது, எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

இரண்டு: மறுபடியும் கிழிகிறது, மறுபடியும் ரேகா வருகிறாள். இதைத்தான் யதார்த்தம் என்று சிலர் மெச்சுவார்கள். என் பேனா அதற்கு வளையாது.

மூன்று, நான் கண்ணால் பார்த்தது. முகூர்த்த நாள், திருவந்திபுரத்தில் கூட்டம் நெரிகிறது, பக்கத்திலேயே இன்னொரு கல்யாணம். கெட்டிமேளம் என்றதும் அவர்கள் மேளமும் எங்கள் மேளமும் சேர்ந்து காதைப் பிளக்கின்றன. ஸ்ரீதர் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்கிறான். சந்திரலேகா பெண்ணின் பின்னலை ஒதுக்கிவிட்டுக் குனிகிறாள். கைகள் முழுசாக நீள்கின்றன. இரண்டாவது முடிச்சு. அவசரமே இல்லை. மூன்றாவது முடிச்சு. அதை ஒருமுறை இழுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்குகிறாள். நான் அவளுக்கு நேர் பின்னால் நிற்கிறேன். அந்த மேளச் சத்தத்தில் எது விட்டிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் நான் பார்த்தேன், எனக்குத் தெரியும்.

சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். வியர்த்திருந்தது, முகம் பூரித்திருந்தது. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

“கிழிஞ்சுதா இல்லியான்னு எழுதாதீங்கக்கா. ரெண்டு முடிச்சும் நான்தான் போட்டேன்னு எழுதுங்க.”

எழுதிவிட்டேன்.

இல்லை, எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்கிறவர்கள் இந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, இருக்கும் இடத்திலேயே குனிந்து இரண்டு கைகளையும் முன்னே நீட்டிப் பாருங்கள். துணி எங்கே பிடிக்கிறது? பிடித்தால் பவானியின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. வெறுங்கையோடு போங்கள், அளவு ஜாக்கெட் எடுத்துப் போகவேண்டாம்.