சுருட்டி எடுத்துப்போன பட்டு

அந்த வீட்டில் அவள் எல்லோருக்கும் சித்திதான். முதலில் வாலு அப்படிக் கூப்பிட்டாள். பிறகு மாடி வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். கடைசியில் கட்டிய கணவரே, "சித்தி, என் சாவியைப் பாத்தியா?" என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வாலுவைப் பெற்றவள் காய்ச்சலில் போனபோது குழந்தைக்கு விவரம் தெரியாத வயது. அதன் பிறகு சித்தி அந்த வீட்டுக்கு வந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கடுகைவிடச் சின்னத் திருகாணிகளை நாளெல்லாம் முடுக்கிக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், உட்கார்ந்த இடத்தில் உட்காராத ஒரு குழந்தை கதவுக்குப் பின்னாலிருந்து கத்திக்கொண்டு பாயும். வாலு என்ற பெயர் சும்மா வரவில்லை.

இப்போது வாலுவுக்குக் கல்யாணம். வெகுதூரத்து நகரம் ஒன்றில் விலங்கு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையும் அதே ஊர்க்காரன். அங்கேயே பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு தெரிந்தவர்களுக்கு ஒரு விருந்து. அவ்வளவுதான் ஏற்பாடு.

"சித்தி, ஒண்ணு கேட்டா திட்ட மாட்டீங்களே?" என்று போனில் ஆரம்பித்தாள்.

"திட்டுற மாதிரி இருந்தா திட்டுவேன். கேளு."

"அம்மாவோட பட்டுப் புடவை இருக்குல்ல, தேன் கலர்ல? அதைத்தான் கட்டிக்கலாம்னு நினைச்சிருக்கேன். நீங்க வரும்போது கொண்டு வர்றீங்களா?"

"அதுக்கென்ன, கொண்டு வந்தாப் போச்சு" என்றாள் சித்தி.

சொல்லிவிட்டாளே தவிர, போனை வைத்ததும் படுக்கையறை அலமாரி முன்னால் போய்ச் சும்மா நின்றாள். அதன் மேல்தட்டை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. இந்த வீட்டுக்கு வந்த புதிதில், கணவரின் அக்கா, அதாவது வாலுவின் அத்தை, அறை அறையாக அழைத்துப்போய்க் காட்டினாள். அலமாரிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "இந்த மேல்தட்டு மட்டும் இப்படியே இருக்கட்டும்மா. அது அவளோடது" என்றாள். அதட்டலாகச் சொல்லவில்லை. அதட்டியிருந்தால் எதிர்த்தாவது பேசியிருக்கலாம். இறந்துபோனவளும் அத்தையும் உயிருக்குயிரான சிநேகிதிகள். அந்தச் சிநேகத்தின் வழியாகத்தான் இறந்தவள் இந்த வீட்டுக்கு மருமகளாகவே வந்தாள். சித்தி தலையாட்டினாள். அன்றிலிருந்து கீழ்த்தட்டுகளோடு நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அத்தை வந்துவிட்டாள். பட்டை எப்படிக் கட்டி எடுத்துப்போவது என்று அவளுக்கு ஏகப்பட்ட அபிப்பிராயங்கள் இருந்தன.

"பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. பட்டு மூச்சு விடணும். சென்ட், பவுடர் எதுவும் பக்கத்துல வரக்கூடாது. ஜரிகை உள்பக்கமா இருக்கணும். வளையலைக் கழட்டிட்டு வா. கை கழுவினியா?"

"கழுவிட்டேன் அண்ணி."

"தம்பி, நீ?"

"நான் வேடிக்கைதானேக்கா பாக்கப் போறேன்" என்றார் வாலுவின் அப்பா. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விரல் இடுக்குகளில் கிரீஸ் இருக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார்.

கட்டில்மேல் வெள்ளைத் துணி விரித்தார்கள். அத்தை முக்காலியில் ஏறி, மேல்தட்டிலிருந்து அந்தப் பொட்டலத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி இறக்கினாள். சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. வெயிலில் தூக்கிப் பிடித்த தேன் மாதிரியே இருந்தது.

"பாத்தியா, நேத்து வாங்கின மாதிரி இருக்கு" என்றாள் அத்தை.

சித்தி ஒரு முனையைப் பிடித்தாள், அத்தை மறுமுனையை. மெதுவாக விரித்தார்கள். உலர்ந்த இலையை மிதித்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. மடிப்பு இருந்த இடத்தில் பட்டு ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. சித்தி சட்டென்று கையைத் தளர்த்தினாள். அதற்குள் அடுத்த மடிப்பும் விட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக இற்றுப்போய், வெளிச்சம் ஊடுருவி வந்தது. நடுவில் கட்டம் கட்டமாகத் துணி நன்றாகவே இருந்தது. மடிப்புகள்தான் செத்துப்போயிருந்தன.

"என்ன பண்ணினே?" என்று கத்தினாள் அத்தை.

"நான் எதுவும் பண்ணல அண்ணி."

"அதைத்தான் கேக்கிறேன்! இத்தனை வருஷமா எதுவுமே பண்ணலியா? பட்டை அப்பப்போ எடுத்து மடிப்பு மாத்தி வைக்கணும்னு தெரியாதா உனக்கு? உன் புடவையை மட்டும் மாத்தி மாத்தி வைக்கத் தெரியுதுல்ல?"

சித்தியின் முகம் சிவந்தது. சண்டை போட்டுப் பழக்கமில்லாதவள். வார்த்தைகள் தேடித் தேடித்தான் வந்தன.

"தொட்டிருந்தா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா? தொடாதேன்னு நீங்கதான் சொன்னீங்க."

"நானா? எப்போ?"

"நான் வந்த மறுநாள். இதே இடத்துல நின்னுக்கிட்டு."

அத்தைக்கு அது நினைவில்லை. இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. போகிற போக்கில் அவள் சொன்ன ஒரு வார்த்தையை இன்னொருத்தி இத்தனை காலம் சுமந்திருக்கிறாள். தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீயாவது எடுத்து வச்சிருக்கலாம்ல?"

"சித்தி பாத்துக்கிறான்னு நினைச்சேன்க்கா." அவர் தரையைப் பார்த்தார். பிறகு, "அது பொய். எனக்குத் திறக்கவே பயமா இருந்துச்சு" என்றார்.

அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். யாரும் எதுவும் செய்யவில்லை. ஆளாளுக்கு மரியாதை என்று நினைத்துத் தள்ளி நின்றதில்தான் அந்தப் பட்டு பாழாகியிருந்தது. திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் அத்தைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இதே கலர்ல ஒண்ணு கடையில வாங்கிடலாம்" என்றாள் கடைசியில். "அவளுக்கு என்ன தெரியப் போகுது? அவ அதை விரிச்சுக்கூடப் பாத்ததில்ல."

சித்தி யோசித்தாள். தெரியத்தான் தெரியாது. அந்த யோசனை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. பிடித்திருந்ததுதான் உறுத்தியது. மாற்றாந்தாய் என்று ஊர் சொல்லக்கூடிய எதையும் செய்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தவள் அவள். இப்போது பெற்றவளின் பேரைச் சொல்லி ஒரு போலியைக் கையில் கொடுப்பதா? போனை எடுத்தாள். அத்தை தடுக்கவில்லை.

"வாலு, புடவை இற்றுப்போச்சுடா. மடிப்பெல்லாம் விட்டுப்போச்சு. கட்ட முடியாது." ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு நாய் குரைத்தது. மருத்துவமனையில் இருந்தாள் போலிருக்கிறது.

"சித்தி, அழறீங்களா?"

"இல்ல."

"அழறீங்க. இங்க பாருங்க, அம்மா அதைக் கட்டி நான் பாத்ததா எனக்கு ஞாபகமே இல்ல. எனக்கு ஞாபகம் இருக்கிறது வேற. நீங்க சமையல்ல இருக்கும்போது நான் முக்காலி போட்டு ஏறி, அந்தத் தட்டுல முகத்தை வச்சுப் படுத்துக்குவேன். ஒருநாள் நீங்க பாத்துட்டீங்க."

சித்திக்கு நினைவு வந்தது. அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற இரண்டு குட்டிக் கால்கள்.

"திட்டுவீங்கன்னு பயந்தேன். நீங்க சத்தம் போடாம திரும்பிப் போயிட்டீங்க. மறுநாளும் முக்காலி அங்கேயே இருந்துச்சு. வழக்கமா ராத்திரி எடுத்துச் சமையலறையில போட்டுடுவீங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எப்படி இருக்கோ அப்படியே கொண்டு வாங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

சித்தி போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாலு சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். அத்தை எழுந்து, கழற்றி வைத்த வளையல்களை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"மடிக்கவே கூடாது இனி. சுருட்டணும்" என்றாள்.

சுருட்டுவதற்கு உருளை வேண்டுமே. அப்பாவுக்குத்தான் அது தோன்றியது. லிஃப்ட் வரைபடங்களைச் சுற்றி வைக்கும் அட்டைக் குழாய் ஒன்று அவருடைய பணிமனையில் கிடந்தது. போய் எடுத்துவந்தார். துடைத்து, அதன்மேல் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்தித் துணியைச் சுற்றினார்கள். பிறகு படுக்கையறையிலிருந்து கூடம் வரை புடவையைப் பாய்போலத் தரையில் விரித்த துணிமேல் நீட்டிப் போட்டார்கள். சித்தி குழாயை உருட்டினாள். அத்தை மண்டி போட்டு, விட்டுப்போன இடங்களை விரல் நுனியால் சேர்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் மெல்லிய துணி ஒன்று. அப்பா மறுமுனையைப் பிடித்திருந்தார், கையில் சுத்தமான காலுறைகளை மாட்டிக்கொண்டு.

"இழுக்காதடா. இது லிஃப்ட் கயிறு இல்ல."

"நான் எங்கக்கா இழுக்கிறேன்? அதுதான் என்னை இழுக்குது."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை முறைத்தாள். ஆனால் அவள் உதட்டோரமும் நெளிந்தது.

சுருட்டி முடித்த பிறகுதான் பெட்டியைப் பார்த்தார்கள். உருளை பெட்டியைவிட நீளம். வேறு வழியில்லை, கையிலேயே எடுத்துப் போனார்கள்.

ரயிலில் அது ஒரு கைக்குழந்தை மாதிரி ஆகிவிட்டது. மேலே வைத்தால் உருளும், கீழே வைத்தால் யாராவது மிதிப்பார்கள். சித்தியும் அத்தையும் அருகருகே உட்கார்ந்து, இருவர் மடியிலுமாகக் குறுக்கே வைத்துக்கொண்டார்கள். எதிர் இருக்கைப் பெரியவர் வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, "தூண்டிலுங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றார் அப்பா. "மாப்பிள்ளையைப் பிடிக்கப் போறோம்."

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா அந்தப் பெருமையிலேயே தூங்கிப்போனார். வெளியே வயல்களும் கிடங்குகளும் மாறி மாறிப் போயின. மடியில் கிடந்த உருளையை அத்தை தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "அவளுக்கு இது பிடிக்கவே பிடிக்காது."

"எது?"

"இந்தப் புடவைதான். ஒரே ஒரு தடவை கட்டினா. ஜரிகை குத்துதுன்னு நாள் பூரா இடுப்பைச் சொறிஞ்சுக்கிட்டே இருந்தா. வந்தவங்க எல்லாம் என்னவோ ஏதோன்னு பாத்தாங்க. சாயங்காலம் கழட்டி வீசிட்டு, 'இனிமே இதைக் கட்டச் சொன்னா உன் தம்பியே வேண்டாம், ஓடிப் போயிடுவேன்'னா."

சித்தி அவளைப் பார்த்தாள். இத்தனை ஆண்டுகளில் இறந்தவளைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறாள். அடக்கமானவள், கைராசிக்காரி, முகம் சுளிக்காதவள். இடுப்பைச் சொறிந்தவள் என்று யாரும் சொன்னதில்லை. சட்டென்று ஒரு பெண் கண்முன்னால் வந்தாள். அவளோடு தன்னால் பேசியிருக்க முடியும் என்று தோன்றியது.

"இன்னும் சொல்லுங்க அண்ணி."

"என்ன சொல்ல? பாடுவா, கேக்கச் சகிக்காது. வாய் ஜாஸ்தி. வாலு அப்படியே அவதான்." அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உன்கிட்ட வந்து நல்லது மட்டுமே சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். பாவம், நீ எப்படித்தான் கேட்டுக்கிட்டு இருந்தியோ."

சித்தி உருளைக்கு மேலே கிடந்த அத்தையின் கைமேல் தன் கையை வைத்தாள். இரண்டு பேருமே, கையை அசைத்தால் பட்டு கசங்கும் என்கிற சாக்கில், வெகுநேரம் அப்படியே இருந்தார்கள்.

வாலு குடியிருந்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அப்பா அதன் கதவைத் தட்டிப் பார்த்து, "யாரோ கத்துக்குட்டி கை வச்சிருக்கான்" என்று முணுமுணுத்தபடி ஏறினார். வாலு பாதிப் படியிலேயே ஓடிவந்து உருளையை வாங்கிக்கொண்டாள்.

கட்டிலில் விரித்தார்கள். வாலு பக்கத்தில் படுத்து, துணியில் முகத்தை வைத்துக் கண்ணை மூடினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து, வேலையில் காயம்பட்ட விலங்கைப் பார்ப்பாளே அந்தக் கண்ணோடு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள்.

"முந்தானை நல்லா இருக்கே."

அலமாரியில் இருந்தபோது முந்தானை மட்டும் மேலாகத் தளர்வாகக் கிடந்ததால் தப்பித்திருந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் லேசான கோடு.

"இதை மட்டும் வெட்டி எடுத்துத் தோள்ல போட்டுக்கிறேன். புடவை வாங்கி வச்சிருக்கேன், இளநீலத்துல. அதுமேல போட்டா நல்லாத்தான் இருக்கும்."

வெட்டி என்ற சொல்லைக் கேட்டதும் சித்தி அத்தையைப் பார்த்தாள். அத்தை கத்திரிக்கோலை எடுத்துவந்தாள். எடுத்து வந்தவள் வாலுவிடம் கொடுக்கவில்லை, தன்னிடமும் வைத்துக்கொள்ளவில்லை.

"நீ வெட்டும்மா" என்று சித்தியிடம் நீட்டினாள். "நான் பிடிச்சுக்கிறேன்."

சித்தி கத்திரிக்கோலை வாங்கினாள். இழை பார்த்து நேராக வெட்டினாள். விளிம்பை உள்ளே மடக்கி, கண்ணுக்குத் தெரியாத தையல் போட அந்தச் சாயங்காலம் முழுக்க ஆயிற்று. லேசான கோடு இருந்த இடத்துக்கு அடியில் அத்தை ஒரு துண்டுத் துணி வைத்துக் கொடுத்தாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பதிவு அலுவலகத்தில் பேனா எழுதாமல் மாப்பிள்ளை வியர்த்துப்போனான். வாலு தன் பேனாவைக் கொடுத்துக் காப்பாற்றினாள். இளநீலத்தின் மேல் தேன் நிறம் அழகாகத்தான் இருந்தது. கழுத்தில் ஜரிகை உராய்ந்த இடத்தை அவள் அடிக்கடி தேய்த்துக்கொண்டாள்.

விருந்தில் மாப்பிள்ளையின் தங்கை ஏதோ சொல்ல, வாய் நிறையச் சோற்றோடு இருந்த வாலு குலுங்கிச் சிரித்தாள். புரையேறியது. சுற்றுமுற்றும் பார்த்தாள், கைக்குட்டை கிடைக்கவில்லை. தோளில் கிடந்ததை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயையோ!" என்று அத்தை நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

சித்தி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "விடுங்க அண்ணி. துவைச்சுக்கலாம்."

"பட்டைத் துவைப்பியா நீ?"

"தெரியாது. வீட்டுக்குப் போய் நீங்க சொல்லிக் குடுங்க."

அத்தை இன்னும் கொஞ்சநேரம் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இலேசாகத் தலையை ஆட்டிவிட்டு, தன் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.