கம்ப்யூட்டருக்குத் தீட்டு

"அவ நாற்காலியிலயா உக்காருவா?" என்றாள் சண்முகப்பிரியா, தோசைத் திருப்பியைக் கீழே வைக்காமலே.

"பின்ன நின்னுகினா டைப் அடிப்பா?" என்றார் கலியமூர்த்தி. குரல் இறங்கியே வந்தது.

அவர் குடியிருப்போர் மன்றத்து நூலகர். ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்பும் நெய்வேலியில் அந்த நூலகத்துக்கு இன்னும் ஒயரிங் முடியவில்லை. அதனால் மன்றம் வாங்கிய கம்ப்யூட்டர் அவருடைய குவார்ட்டர்ஸ் ஹாலில் இருந்தது. பதினைந்தாம் தேதிக்குள் ஆறாயிரம் புத்தகங்களின் பெயரையும் அதில் ஏற்றியாக வேண்டும். அவருக்கோ மவுஸைத் தொட்டாலே கை வியர்க்கும். அந்த வேலை தெரிந்தவள், நூலகத்தைக் கான்ட்ராக்டில் பெருக்கும் தனம் ஒருத்திதான். கம்ப்யூட்டர் படிப்பு முடித்தவள். முத்தாண்டிக்குப்பம் காலனிக்காரி. வீட்டுக்காரிக்கு அதுதான் சிக்கல்.

பேரம் நடந்தது. பின்கட்டில் உட்காரட்டும் என்று சண்முகப்பிரியா ஆரம்பித்தாள். அதுவரை ஒயர் எட்டாது என்றதும் ஹாலுக்கு இறங்கிவந்தாள், ஆனால் தரையில்தான் என்றாள்.

தனம் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "தரையில உக்காந்தா ஸ்கிரீன் தெரியாதுங்க சார். பக்திப் புஸ்தகமெல்லாம் கோழி வளர்ப்புல போயி சேரும். பரவாயில்லையா?"

நாற்காலிக்குப் பேரம் படிந்தது.

எட்டு நாளில் நாலாயிரம் புத்தகம் ஏறியது. தினமும் தனம் போனதும் சண்முகப்பிரியா நாற்காலிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். கலியமூர்த்தி பேப்பர் படித்தார். எட்டாம் நாள்தான் சண்முகப்பிரியாவுக்கு உறைத்தது, தனத்தின் விரல்கள் தொட்டது நாற்காலியை அல்லவே! ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்கும் தாராளமாகத் தெளித்தாள். 'டப்' என்றது. மெக்கானிக் வேறு பெட்டி கொடுத்தான். நாலாயிரம் புத்தகத்தை அவனால் கொடுக்க முடியவில்லை.

கலியமூர்த்தி காலனிக்கு ஓடினார். "தண்ணி பட்டுடுச்சிம்மா. மொதல்லேர்ந்து அடிச்சிக் குடு."

"மஞ்சத் தண்ணிதானே சார்? நாற்காலியில தெனம் மஞ்சக் கறை இருந்துச்சே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

அவர் செருப்பைப் பார்த்தார்.

"இனிமே அங்க வரமாட்டேன். பொட்டிய இங்க கொண்டாங்க. ரிஜிஸ்டரையும் எடுத்துகினு வந்து நீங்களே படிச்சிச் சொல்லுங்க."

"நம்ம வூட்லயே பாத்துக்கலாம். கூட ஒரு ஃபேன் போடச் சொல்றேன்..."

"ஒரே பேச்சுதாங்க சார்."

பதினைந்துக்கு ஆறு நாள் பாக்கி. பெட்டி மறுநாளே ஆட்டோவில் வந்து இறங்கியது.

தனம் பக்கத்து வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி அவருக்குப் போட்டாள். அவர் படித்தார், அவள் தட்டினாள். பக்கத்தில் வைத்த டீயைப் பார்க்காமலே பக்கங்களைப் புரட்டினார். போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" சண்முகப்பிரியாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"லைப்ரரி வேலையா... வெளிய இருக்கேன்."

தனம் தட்டுவதை நிறுத்தினாள். போனுக்குக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்:

"சார், எங்க வூட்டு டீ ஆறிக்கினு இருக்குது பாருங்க. குடிச்சிட்டுப் படிங்க."