லேட் ஐயாதுரை

கம்ப்யூட்டர் திரையில் மணமகளின் பெயருக்கு மேலே இருந்த வரியில் அழகுத்தாயின் கண் நின்றுவிட்டது. 'இராஜபாளையம் லேட் ஐயாதுரை - அழகுத்தாய் இவர்களது செல்வ மகள்' என்றிருந்தது. அச்சகக்காரர் மதுசூதன் பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு, மவுஸில் கையை வைத்தபடி காத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அந்த அச்சகம்.

"இந்த லேட்ட மட்டும் எடுத்துருங்கய்யா."

"அது வேண்டாம்னா தெய்வத்திருன்னு போட்டுடலாம்மா. அமரர்னும் சிலபேர் போடுவா."

"ஒண்ணும் போடாண்டாம். வெறும் பேரு மட்டும் இருக்கட்டும்."

ஐயாதுரை எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை ஷிஃப்டுக்கென்று மில்லுக்குக் கிளம்பியவன். மில்லுக்குப் போய்ச் சேரவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு, அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை. போலீஸில் சொன்னார்கள். அடையாளம் தெரியாத பிணம் என்று எங்கிருந்து தகவல் வந்தாலும் அவள் அண்ணன் பால்பாண்டி போய்ப் பார்த்துவிட்டு, இல்லையென்று திரும்பி வந்தான். திருப்பூரில் கண்டேன் என்றார் ஒருவர். புனலூரில் தாடியோடு கண்டேன் என்றார் இன்னொருவர். அழகுத்தாய் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனிக்குப் போய் மகளைப் படிக்கவைத்தாள். பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. ஓடுகிற தையல் மிஷினை நடுவில் நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பாள். யாரோ வந்து நின்ற மாதிரி இருக்கும். பக்கத்து மிஷின்காரிகள் ஆரம்பத்தில் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது.

அவன் எதற்கும் நேரத்துக்கு வந்த ஆளில்லை. கல்யாணத்துக்கே மாப்பிள்ளை வேன் பிந்தித்தான் வந்தது. மகள் வயிற்றில் தங்கியபோது, கூச்சத்தில் வேறு வார்த்தை வராமல், "இந்த மாசம் லேட்டாயிருக்கு" என்றாள். "ஏன், யாரு வாரா?" என்று கேட்டான் அவன். நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறாள்.

மாப்பிள்ளை சதீஷின் வீட்டார்தான் இந்த வேலையைச் செய்திருக்க வேண்டும் என்று தோன்றியது. "மாப்ள வீட்ல போடச் சொன்னாகளாய்யா?"

மதுசூதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லம்மா. ஒங்க பொண்ணுதான் போன்ல சொன்னா."

பெண் பார்க்க வந்த அன்றைக்கு நடந்தது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. சதீஷின் அம்மா பாலம்மாள் கூடத்தில் உட்கார்ந்து, "அப்பா எங்கம்மா?" என்று கேட்டாள். "அப்பா லேட்டு, அத்த" என்று மகள் பாண்டிசெல்வி தடுமாறாமல் சொன்னது அடுப்படிவரை கேட்டது. காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அழகுத்தாய், பிந்தி வரப்போகிறவனுக்கென்று கூடுதலாக ஒரு தம்ளரை எடுத்துவிட்டாள். பிறகு அதைத் திரும்ப வைத்தாள். பிள்ளை எதையோ சொல்லிப் பேச்சை மாற்றியிருக்கிறாள் என்றுதான் நினைத்தாள்.

பாண்டிசெல்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு லேபில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெள்ளைக் கோட்டோடு அச்சகத்துக்கு வந்தவளை அழகுத்தாய் வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஏட்டி, லேட்டுன்னு நீயா போடச் சொன்ன?"

"ஆமா."

"அவிய செத்துட்டாகன்னு ஒனக்கு எவன் சொன்னான்?"

"ஒருத்தரும் சொல்லல." பாண்டிசெல்வி தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "உசுரோட இருக்காருன்னு நீ சொல்லுதே. அப்ப நம்மள வேண்டாம்னுதானம்மா போயிருக்காரு. இம்புட்டு வருசமும் எங்கயோ தின்னுட்டு, ஒறங்கி எந்திரிச்சு, ஒரு போனு கூடப் போடாம இருக்காருல்ல? அந்த அப்பா எனக்கு வேண்டாம்." குரல் உடைந்தது. "செத்துட்டாருன்னா, நம்மகிட்ட வந்துக்கிட்டிருக்கப்பச் செத்தாருன்னு நெனச்சுக்கிடுவேன். அம்புட்டுத்தான்."

அழகுத்தாய் ஒவ்வொரு நாளும் அவனைச் சாகவிடாமல் காப்பாற்றி வந்ததாகத்தான் எண்ணியிருந்தாள். அந்த ஒவ்வொரு நாளும் மகளுக்கு என்னவாக இருந்தது என்று நினைத்துப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடச் சீருடையில், சாப்பிடாமல், வாசற்படியில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் முதுகு கண்ணுக்குள் வந்தது.

"அழாதம்மா. எனக்கு லேட்..." என்று சொல்லவந்த பாண்டிசெல்வி சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அம்மாவின் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டு வேலைக்கு நடந்தாள்.

அழகுத்தாய் உள்ளே போனாள். பத்திரிகை வீடு வீடாகப் போனபிறகு, வாங்குகிறவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து தன் நெற்றியைப் பார்ப்பார்கள். மேடையில் அண்ணனும் மதினியும் நிற்க, அவள் கீழே எங்கேயாவது உட்கார வேண்டியிருக்கும். எல்லாம் தெரிந்தது.

"இருக்கட்டும்யா. அப்படியே அடிச்சிருங்க" என்றாள்.

ராஜபாளையம் போகிற டவுன் பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பெண்களுக்குக் காசில்லாத பஸ். கண்டக்டர் நீட்டிய டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, மணிபர்ஸைத் திறந்து சில்லறையை எடுத்தாள்.

"ஆம்பள டிக்கெட்டு ஒண்ணு."

கண்டக்டர் முன்னும் பின்னும் பார்த்தார். "ஆளு எங்கக்கா?"

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

மடவார்வளாகத்தில் கூட்டம் ஏறியது. துணிப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி அவள் சீட்டருகே வந்து நின்று, "இங்க ஆள் வருதா?" என்று கேட்டாள்.

அழகுத்தாய் பக்கத்து இடத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். வெயில் விழுந்து கிடந்த ரெக்ஸின், யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல் வெதுவெதுவென்றிருந்தது.