நெலிதாவின் சர்க்கரைத் தியாகம்

இருபது வயதில் வால்தேமாரைக் கட்டிக்கொண்டு துராஸ்னோ ஊருக்கு வந்த முதல் நாளே என் மாத்தேயிலிருந்து சர்க்கரை பறிபோனது. மாத்தே என்றால் எங்கள் பக்கத்துக் கசப்பு இலைப் பானம்; குடுவையில் இலையைப் போட்டு வெந்நீர் விட்டு, ஒரே குழலால் ஆளுக்கு ஒரு குடுவையாக மாறிமாறி உறிஞ்சுவோம். அம்மா வீட்டில் ஆரஞ்சுத் தோலும் இரண்டு கரண்டி சர்க்கரையும் போட்டுத்தான் குடிப்பேன். இவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இது மாத்தேயா, இருமல் மருந்தா?" என்று தன் தம்பிகள் முன்னால் சிரித்தார். அன்றோடு விட்டேன். அதன்பின் முப்பத்தெட்டு வருஷம் கசப்புதான்.

சும்மா விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் சண்டை எங்கே தொடங்கினாலும், "யோவ், உனக்காகச் சர்க்கரையையே விட்டவய்யா நான்!" என்று கொண்டுவந்து முடிப்பேன். அதற்குமேல் அவருக்கு வாய் வராது. எனக்கிருந்த ஒரே ஆயுதம் அது. அடிக்கடி எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்வேன்.

போன மாதம் முடிதிருத்தும் கடை பூட்டியிருந்ததால் போன வேகத்தில் திரும்பி வந்தேன். கோழிக்கூண்டுக்குப் பின்னால் என் புருஷன் உட்கார்ந்திருந்தார். கையில் மாத்தே குடுவை, மடியில் என் சர்க்கரை டப்பா. கரண்டி கரண்டியாகப் போட்டுக் கண்ணை மூடி உறிஞ்சிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சத்தம் காட்டாமல் நழுவிவிட்டேன். வீட்டுக்குள் பிடித்து என்ன லாபம்? ஊர் பார்க்கப் பிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து உருட்டும் கிளப்பில் எல்லோருக்கும் மாத்தே ஊற்றுவது வால்தேமார்தான். சர்க்கரை கேட்ட ஒரு வாத்தியாரை ஒருமுறை கேலி செய்தே விரட்டியவர். நான் அவரைப் பார்த்துவிட்ட அந்த வாரத்து ஞாயிறு அவருடைய தெர்மாஸ் வெந்நீரில் எட்டுக் கரண்டி சர்க்கரையைக் கலக்கி மூடினேன்.

ஊற்றுகிறவர்தான் முதல் குடுவையைக் குடிக்க வேண்டும். குடித்தார். காது சிவந்தது. என்னைப் பார்த்தார். நான் ஆட்டத்தைப் பார்த்தேன். ஆறு பேர் காத்திருக்கும்போது கீழே கொட்டவும் முடியாது. மறுபடி வெந்நீர் விட்டுக் கிளப் தலைவர் தார்தோவிடம் நீட்டினார்.

தார்தோ எவ்வளவு கசந்தாலும் போதவில்லை என்று முறைக்கிற ஆள். இதோ வெடிக்கப்போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரோ அடிவரைக்கும் கொறகொறவென்று உறிஞ்சி, மீசையைத் துடைத்துக்கொண்டு, பேசாமல் குடுவையைத் திருப்பினார். திருப்பும்போது "நன்றி" என்றால் எனக்குப் போதும், இனி வேண்டாம் என்று அர்த்தம். அவர் சொல்லவில்லை. அடுத்தவரும் சொல்லவில்லை. அதற்கடுத்தவர் யார் முகத்தையும் பார்க்காமல், "இன்னைக்கு இலை நல்லாருக்கே" என்றார். திருட்டுப் பூனைகள்!

கடைசியில் என்னிடம் வந்தது. ஆசையாகத்தான் உறிஞ்சினேன். பாகு போலத் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. குமட்டலை அடக்கிக்கொண்டு எப்படியோ விழுங்கினேன்.

வால்தேமார் குடுவைக்காகக் கையை நீட்டினார். கண் கலங்கியிருந்தது.

"என்னால முப்பத்தெட்டு வருஷம் கசப்பக் குடிச்சிட்டே. என் தப்புதான் கெழவி. இனிமே வீட்லயும் தெனம் உனக்கு இனிப்புதான். இன்னொன்னு ஊத்தவா?"

கிண்டல் செய்திருந்தால் சமாளித்திருப்பேன். மனுஷன் நிஜமாகவே உருகிப்போயிருந்தார். பேசாமல் குடுவையைக் கொடுத்தால் என் ஆயுதம் பிழைக்கும். ஆனால் சாகும்வரை தினமும் இந்தப் பாகைக் குடித்தாக வேண்டும்.

"நன்றி" என்றேன்.

தார்தோ நாற்காலியோடு சாயும் அளவுக்குச் சிரித்தார். வால்தேமார் சிரிக்கவில்லை.

"எப்பலேருந்து உனக்கு இனிப்பு பிடிக்கல?"

"சத்தியமாத் தெரியலய்யா."

பொய்யில்லை. என் நாக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என்றைக்கோ கசப்புக்குப் பழகி அவர் பக்கம் போய்விட்டிருக்கிறது. வெட்கத்தில் அழுகையே வந்தது.

"அப்போ நான் இத்தன வருஷமா வாய மூடிக்கிட்டு இருந்ததெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார்.

வீடு போய்ச் சேரும்வரை அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். நான் வாயே திறக்கவில்லை.