தவளை அசையாமல் கிடந்த நாற்பது நிமிடம்

சலூன்காரரின் மகள் அசையாமல் படுத்திருந்த நாற்பது நிமிடத்தில், ஆஸ்பத்திரித் தெருவில் அசையக் கூடாத பதினேழு பொருட்கள் அசைந்தன. தபால் பெட்டி நாலடி நடந்து மருந்துக்கடை வாசலில் நின்றது. பள்ளிக்கூடத்து இரும்புக் கேட் ஆளில்லாமல் பதினோரு முறை திறந்து மூடியது. பஞ்சர் கடை டயர்கள் ஒவ்வொன்றாக அடுக்கிலிருந்து இறங்கி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாகவே உருண்டு பஸ் நிலையத்தில் போய்ப் படுத்துக்கொண்டன. அன்று செவ்வாய்க்கிழமை, காற்று இல்லை.

மகளுக்கு ஏழு வயது. தெருவில் தவளை என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாலு வயதில் இரண்டு கண்மணியிலும் பால் சொட்டியது போலப் புரை விழுந்து, வெளிச்சம் எது, இருட்டு எது என்பதோடு பார்வை நின்றுவிட்டது. குழந்தைக்கு ஆபரேஷன் என்றால் முழு மயக்கம் கொடுக்க வேண்டும். மயக்க டாக்டர் மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் நாற்காலியில் நர்சுகள் குடை வைக்கிறார்கள். அதனால் கண் டாக்டரம்மா, கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, அடங்கிக் கிடக்கிற குழந்தைகளுக்குச் செய்துவந்தார். முன்கூட்டியே ஒரு பரீட்சை உண்டு: நடுவில் ஓட்டை போட்ட பச்சைத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் மேஜையில் கிடக்க வேண்டும். தவளை மூன்று தடவை தோற்றாள். மூன்றாவது தடவை நாலாவது நிமிடத்திலேயே மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

“இன்னும் ஒரு வருஷம் போச்சுன்னா, நான் புரையை எடுத்தாலும் அந்தக் கண்ணு பார்க்கக் கத்துக்காது. ஊர்க் குழந்தைக்கெல்லாம் முடி வெட்டறீங்க, சொந்தப் பொண்ணைப் பிடிச்சு உட்கார வைக்க முடியலையா?” என்றார் டாக்டரம்மா.

சலூன்காரருக்குச் சுருக்கென்றது. நாற்காலிக் கைகளில் பலகை போட்டு ஏற்றிய பிள்ளைகள் எத்தனை என்று அவருக்கே தெரியாது. இடது உள்ளங்கையை உச்சந்தலையில் மெல்ல வைப்பார், அலறுகிற பிள்ளையும் அடங்கிவிடும். வலது கையோ, ஓடுகிற பஸ்ஸில் ஒரு மாப்பிள்ளைக்குச் சவரம் செய்து கீறல் இல்லாமல் இறக்கிவிட்ட கை. பச்சைத் துணியைக் கேட்டு வாங்கி வந்து, கடை பெஞ்சில் மகளைப் படுக்க வைத்து உச்சந்தலையில் கை வைத்தார். அடங்கினாள். ஆனால் டம்ளரில் இருந்த சீப்புகள் ஒவ்வொன்றாக வெளியே குதித்தன. மறுநாள் கத்தரிக்கோல். அதற்கும் மறுநாள், பாதி முகம் மழித்த ஆளோடு நாற்காலியே சுற்றியது.

“மாமா, நிறுத்தச் சொல்லுங்க, தலை சுத்துது!”

“நான் ஒண்ணும் பண்ணல. சும்மாதான் கிடக்கேன்” என்றது துணிக்கு அடியிலிருந்து குரல்.

எத்தனை நிமிடம், எந்தப் பொருள் என்று அவர் காலண்டரில் குறித்துவந்தார். அவள் துள்ளல் குறையவில்லை. பக்கத்தில் எது பிடிப்பில்லாமல் இருக்கிறதோ அதற்குள் போய்விடுகிறது, அவ்வளவுதான். மூன்று வாரத்தில் நாற்பது நிமிடம் வந்தது. டாக்டரம்மா காலண்டரை ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிப்பதுபோலப் படித்துவிட்டு, “என் கத்திக்கு வருமா?” என்று மட்டும் கேட்டார்.

“இறுக்கிப் பிடிச்சிருந்தா வராது, டாக்டர்.”

நர்ஸ் தட்டிலிருந்த கருவிகளைத் துணிநாடாவால் கட்டினார். விதிக்கு மாறாக ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். சலூன்காரர் கவுன் மாட்டிக்கொண்டு மகளின் தலைமாட்டில் நின்றார். துள்ளல் ஜன்னல் வழியே தெருவுக்குப் போனது. மேலே சொன்ன பதினேழும் அப்போது நடந்தவை. முப்பத்தோராவது நிமிடத்தில், தபால் பெட்டி விஷயத்தைச் சொல்ல ஓடிவந்த வாட்ச்மேன், ஆபரேஷன் அறை ஜன்னல் ஆவென்று திறந்து கிடப்பதைக் கண்டு பதறி, வெளியிலிருந்தே இழுத்துச் சாத்திக் கொக்கியும் போட்டார். கடமை தவறாத மனுஷர்.

போக வழியில்லாமல் துள்ளல் அறைக்குள் திரும்பியது. தட்டு கிணுகிணுத்தது. நாடா முடிச்சுகள் நெளிந்தன. டாக்டரம்மா புது லென்ஸை இடுக்கியில் பிடித்து, கண்ணில் போட்ட கீறலின் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“அப்பா, காலு தானா வருது” என்றாள் தவளை.

“அண்ணே, ஏதாவது பண்ணுங்க” என்றார் டாக்டரம்மா, தலை நிமிராமல்.

அறையில் கட்டாத பொருள் எது என்று சலூன்காரர் பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்போதுதான், இருபது வருஷமாகத் தூக்கத்தில்கூடத் தளர விடாத தன் வலது கை நினைவுக்கு வந்தது. அதைத் தளர விட்டார். நிறைந்த வாளியைத் தூக்கினாற்போல் தோள் ஒரு வெட்டு வெட்டியது. கை துள்ளத் தொடங்கியது. தட்டு ஓய்ந்தது. ஒன்பது நிமிடத்தில் லென்ஸ் உட்கார்ந்து, கட்டும் போட்டாகிவிட்டது.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ இவ்ளோ சின்ன ஆளாப்பா? குரல் மட்டும் பெருசா இருக்கு.”

கை நிற்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் மரியாதையாக வந்து, பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனார்கள். ஒரு வாரம் பொறுத்த மனைவி, “இந்தக் கையோட யார் கழுத்துல கத்தி வைக்கப் போறீங்க? நகருங்க” என்று கத்தியை வாங்கிக்கொண்டார். வருகிறவர்கள் முதல் மாதம் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள். அடுத்த மாதம் திறந்துகொண்டார்கள்.

மூன்றாவது மாதம் டாக்டரம்மா கேட்டார்: “ரெண்டாவது கண்ணு பாக்கி இருக்கு. ஜன்னலைத் திறக்கக் கூடாதுன்னு சுகாதார அதிகாரி எழுதியே கொடுத்துட்டார். இந்தத் தடவை எங்க அனுப்பறது?”

“இடது கை சும்மாத்தானே இருக்கு, டாக்டர்.”

அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. மகள் இரண்டு கண்ணாலும் பார்க்கிறாள். ஓரிடத்தில் உட்காருவது இன்னும் இல்லை. கடையில் சோப்பு நுரை கலக்குகிற வேலை சலூன்காரருடையது. ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் பிரஷ், இரண்டும் ஒன்றை ஒன்று துரத்துகின்றன. அவர் எழுப்புகிற நுரை கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது. அதற்காகவே இரண்டு பஸ் நிறுத்தம் தாண்டியும் ஆட்கள் வருகிறார்கள். புதிதாக வருகிறவர் கைகளைப் பார்த்துத் தயங்கினால், கத்தியைத் தீட்டிக்கொண்டே மனைவி, “அவர் நுரை மட்டும்தான் போடுவார், உட்காருங்க” என்பார். உட்கார்ந்துவிடுவார்கள்.