வாசலில் சாத்தி வைத்த சைக்கிள்

பழைய சைக்கிள்களை நன்கொடையாக வாங்கி, பழுதுபார்த்து, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்சுகளுக்குக் கொடுக்கும் தொண்டு நிறுவனம் அது. அதன் தலைவிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. நிதி தரும் அறக்கட்டளையின் அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார்!

"எந்த ஓட்டை சைக்கிள் வந்தாலும் சரி சார், ஒரு மணி நேரத்துல ரோட்டுல ஓடும்!" என்று அடித்துச் சொன்னாள். அவர் நம்பாதவர் போலப் புருவத்தைத் தூக்கினார்.

பேசி முடித்து வாசலுக்கு வந்தவர் திகைத்து நின்றார். "இங்கதானே என் சைக்கிளைச் சாத்தி வச்சேன்?"

தலைவிக்குப் பகீரென்றது. நன்கொடை சைக்கிள்களை ஊரார் விட்டுப்போகும் இடம் அதுதான். பட்டறைக்குள் ஓடினாள். அங்கே மெக்கானிக்காக இருக்கும் அவள் தம்பி, கையெல்லாம் கிரீசோடு பல்லைக் காட்டினான்.

"அந்த ஓட்டை வண்டியா? செயின், பிரேக், டயர் எல்லாம் மாத்திட்டேன்க்கா! இப்பத்தான் ஒரு நர்சம்மா ஏறிச் சிட்டாப் பறந்துட்டாங்க!"

"அடப்பாவி, அது சாரோட வண்டிடா!"

"அதையா ஓட்டிக்கிட்டு வந்தாரு?"

அதிகாரி பின்னாலேயே வந்து நின்றிருந்தார். வந்த நிதியும் கைவிட்டுப் போச்சு என்று தலைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவரோ கடிகாரத்தைப் பார்த்தார்; அவர் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நீங்க சும்மா அளந்து விடுறீங்கன்னுல்ல நினைச்சேன்! சரி, நான் இப்ப எப்படிம்மா வீட்டுக்குப் போறது?"

தம்பி அதற்குள் மூலையில் கிடந்த துருப்பிடித்த சைக்கிளை இழுத்துப் போட்டிருந்தான்.

"உக்காருங்க சார், ஒரே மணி நேரம்!"